நிறம்: மேற்படி

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவுக்காரர் என்றால் போதும், பியூன் முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் புரிந்துவிடும். நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு சிற்றாறு, அதன்மேல் ஒரு பழைய பாலம், பாலத்தின் மூன்றாவது தூணில் எண்கள் எழுதிய ஓர் இரும்புப் பலகை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை முப்பத்திரண்டு வருடம் செய்தார்.

ஒருநாள் தவறியதில்லை. கல்யாணத்தன்று விடியற்காலையில் பாலத்துக்குப் போய் அளவு எழுதிவிட்டுத்தான் மாப்பிள்ளை உடுப்பு உடுத்தினார். மாலையும் போனார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தூணைக் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். ஒருமுறை காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தபோது மைத்துனரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய் எழுதினார். அன்றைய கையெழுத்து மட்டும் கொஞ்சம் ஆடியிருக்கும். எண் ஆடியிருக்காது.

நான் பதிவறை எழுத்தர். வருடக் கடைசியில் அவர் கொண்டுவரும் பதிவேட்டை வாங்கி, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்குவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டைப் அடிப்பதும் என் வேலையாக இருந்தது. பதிவேட்டைப் படித்துப் பார்ப்பது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை. அதனால் யாரும் படிக்கவில்லை. மாதாமாதம் வரும் நகல் தாளிலிருந்து பொறியாளர் பிரிவு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அந்த எண்களை வரிசையாகப் படித்தாலே ஆற்றின் கதை தெரிந்துவிடும். அவர் சேர்ந்த புதிதில் கோடையில் நான்கு மாதம் பலகை காய்ந்து நிற்கும். "தண்ணீர் இல்லை" என்று எழுதுவார். அது அந்த ஆற்றின் சுபாவம். மழை வந்தால் ஓடும், போனால் படுத்துவிடும். பிறகு நகரத்துக் குடிநீருக்காக மேலே ஓர் அணை கட்டினார்கள். மழைக்கால எண்கள் பாதியாக இறங்கின. பிறகு நகரத்துக் கட்டடங்களுக்காக மணல் அள்ளினார்கள். ஆற்றின் தரையே கீழே போய்விட்டது, தண்ணீர் பலகைக்கு எட்டவில்லை. பலகையைக் கீழ்நோக்கி நீட்டி, பூஜ்யத்துக்குக் கீழே கழித்தல் குறியுடன் எண்கள் எழுதினார்கள். பிறகு நகரத்துச் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். அந்த வருடத்திலிருந்து "தண்ணீர் இல்லை" என்ற சொல்லே பதிவேட்டில் கிடையாது. நகரம் குளித்து முடித்த ஒன்றரை மணி நேரத்தில் பாலத்தடியில் இரண்டு விரல் ஏறும். விடுமுறை நாளென்றால் நகரம் தாமதமாக எழும், ஆறும் தாமதமாக ஏறும். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது. அந்த வருட அறிக்கையில் எங்கள் துறை எழுதியது வேறு: "ஆற்றின் கோடைக்கால நீரோட்டம் கணிசமாக மேம்பட்டுள்ளது." டைப் அடித்தது நான்தான்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. நிறம். அதில் எழுத மூன்று சொற்களுக்குத்தான் அனுமதி: தெளிவு, கலங்கல், மிகக் கலங்கல். அந்தப் படிவத்தை அச்சடித்த புண்ணியவானுக்கு ஆற்றுத் தண்ணீர் வேறு நிறத்திலும் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

முதல் நான்கு வருடம் அவர் அந்தக் கட்டத்தையும் ஒழுங்காகத்தான் எழுதினார். ஐந்தாவது வருடம் கோடையில், மழையே இல்லாத ஒரு வாரம், தொடர்ந்து "கலங்கல்" என்று எழுதிவிட்டார். அதிசயமாக யாரோ அதைக் கவனித்துவிட்டார்கள். "மழையற்ற நாட்களில் நீர் கலங்கல் எனக் குறிப்பிட்டமைக்கு விளக்கம் கோரப்படுகிறது" என்று மூன்று பிரதியில் கடிதம் போனது. மேலே மணல் லாரிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன என்று அவர் பதில் எழுதினார். மறுபடி ஒரு கடிதம்: "மணல் லாரி நமது துறையின் கீழ் வராது. மழை இல்லையெனில் நீர் தெளிவு. பதிவைத் திருத்தி அனுப்பவும்." இரண்டையும் டைப் அடித்தவன் நான். வயது இருபத்திரண்டு; எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன் என்று பெருமை வேறு.

அவர் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, "தெளிவு" என்று எழுதினார். அடுத்த வேளைக்கு அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட்டார்: ௸. மேற்படி என்பதைச் சுருக்கி எழுதும் பழைய குறி. அந்தக் காலத்துப் பத்திரங்களில் சாதாரணமாக இருக்கும். ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். அதற்கு அடுத்த வேளையும் ௸. அதன்பிறகு விளக்கம் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை. ஊமையாய் இருப்பவனுக்கு ஊரில் வம்பில்லை என்று அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

அந்தக் குறியைப் போட ஆரம்பித்து ஐந்து வருடம் கழித்துப் பாலத்துக்கு மேற்கே சாயப்பட்டறை வந்தது. அன்றைக்கு எந்தத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்களோ அந்த நிறம்தான் ஆற்றுக்கு. எல்லாம் கலந்து நாளடைவில் கருஊதாவாக நின்றுவிட்டது. பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து, சென்டிமீட்டர் பிசகாமல் அளவு பார்த்து, கடைசிக் கட்டத்தில் மேற்படி போட்டார். ஊசி போகும் இடம் பார்ப்பான், உலக்கை போகும் இடம் பாரான் என்பார்களே, அதை நான் நேரில் கண்டது அவரிடம்தான். எங்கள் மொத்த அலுவலகத்திடமும் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பாலத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் ஆற்றை ஒட்டி ஒரு தெரு. நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு. குழாய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கேதான் அவருடைய அக்கா இருந்தாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள், தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். ஞாயிறுதோறும் காலை அளவு முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குத்தான் போவார்.

தெருவில் யாராவது தண்ணீர் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஆரம்பித்தால் அக்கா விடமாட்டாள். "என் தம்பிதான் அந்த ஆத்தை அளக்கிறான். தினம் ரெண்டு வேளை பாத்து எழுதுறான். கெட்டுப்போயிருந்தா என்கிட்ட சொல்லமாட்டானா?" அதற்கு மேல் பேச்சில்லை. வருடக்கணக்கில் அவள் ஒருத்தி வாயாலேயே தெரு அடங்கிக் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளாலும் முடியாமல் போயிற்று. கிணற்றுத் தண்ணீர் வைத்த பாத்திரத்தில் ஊதாக் கோடு படிந்தது. பேரப்பிள்ளைகளுக்குக் காலில் வந்த புண் ஆறவே இல்லை. அக்கா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தாள். பட்டறையின் கழிவை நிறுத்த வேண்டும், தெருவுக்குக் குழாய் போட வேண்டும். "சாட்சிக்கு எங்க போறதுன்னு கவலைப்படாதீங்க, என் தம்பி புத்தகம் இருக்கு" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். அந்தப் புத்தகத்தை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

பட்டறையின் வக்கீல் திறந்து பார்த்திருந்தார். மனு விசாரணைக்கு வந்தபோது அளவுக்காரரைத் தன் தரப்புச் சாட்சியாக அழைத்தார்.

அழைப்பாணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அளவுக்காரர் பதிவறைக்கு வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். மேற்படின்னு போட்டா எதை மேற்படின்னு அர்த்தம்?"

"மேல் வரியில என்ன இருக்கோ அதுதான்ணே."

"மேல் வரியிலயும் மேற்படின்னா?"

"அதுக்கும் மேல."

இரண்டு பேரும் ஏணி போட்டுப் பதிவேடுகளை இறக்கினோம். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினோம். புதுப் பதிவேட்டின் முதல் வரியில்கூட அவர் சொல் எதுவும் எழுதவில்லை. போன பதிவேட்டின் கடைசி வரியே மேல் வரி என்று ௸ போட்டிருந்தார். வெள்ளம் வந்து பாலத்தை மூடிய வாரத்திலும் அதே. புழுதியில் தும்மித் தும்மி, மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். இருபத்தேழு வருடம், பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் மேற்படிகள். எல்லாம் போய் நின்ற இடத்தில் அடித்துத் திருத்திய ஒரு சொல்: தெளிவு.

"அப்போ நேத்து சாயங்காலம் ஆத்துத் தண்ணி தெளிவு" என்றார்.

"புத்தகப்படி ஆமாம்."

"இந்தக் கடிதத்தை நீங்கதானே அடிச்சீங்க சார்?" குற்றம் சொல்லும் குரல் இல்லை, ஞாபகம் வந்து கேட்டார். பதிவேட்டுக்குள் அந்தக் கடிதத்தின் பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெட்கப்பட்டதோடு நின்றிருக்கலாம். புத்திமதி வேறு சொன்னேன். "அண்ணே, ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு. புத்தகத்துல உள்ளதுதான் உள்ளதுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. பொய்ப் பதிவுன்னு நீங்களே சொன்னா, நிறம் மட்டும் போகாது. நீங்க எழுதின அத்தனை எண்ணும் சேர்ந்து போயிடும். ஒருநாள் தவறாத ஆளுன்னு இருக்கிற பேரு போயிடும்."

"எங்கக்காவும் அதையேதான் சொல்றா சார். புத்தகத்துல உள்ளதை உள்ளபடி சொல்லு, அது போதும்னு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேடுகளை வருட வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, மாலை அளவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட அறை அளவே இருந்த கூடத்தில் நடந்தது. பதிவேடுகளைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசும் ஒரு பெண்மணி. இரண்டாவது பெஞ்சில் தெருக்காரர்களோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பி சாட்சி மேடைக்குப் போனபோது பக்கத்தில் இருந்தவளின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் அவரைப் புகழ்ந்தே ஆரம்பித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாள் விடுப்பு எடுக்காத மனிதர், இப்படி ஒரு அரசு ஊழியரை எங்கே பார்ப்பது என்றார். பிறகு பதிவேட்டைக் கையில் கொடுத்தார்.

"நேத்து சாயங்காலம் நிறம் என்ன எழுதியிருக்கீங்க?"

"மேற்படி சார்."

"காலையில?"

"மேற்படி."

"போன மாசம் இதே தேதி?"

"மேற்படிதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. "அந்த மேற்படிக்கு மேல கடைசியா எழுதின சொல் என்ன?"

"தெளிவு."

வக்கீல் அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆறு தெளிவு, தெருவின் கிணறு கெட்டதென்றால் தெருவின் சொந்தக் கழிப்பறைகளால்தான் கெட்டிருக்கும் என்பது அவர் வாதம். பெஞ்சில் ஒரே முணுமுணுப்பு. அக்கா மட்டும் ஒன்றும் புரியாதவள்போல் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார்.

அவரைப் போகச் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை.

"மேடம், அந்தக் கட்டம் பொய்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கட்டம்?"

"நிறம். தண்ணி தெளிவா இல்ல. ஊதாவா இருக்கு, நாத்தமடிக்குது. மேற்படின்னு போட்டா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்கன்னு போட்டேன். யாரும் கேக்கலை."

"அப்போ அளவு?"

"அளவு சத்தியம் மேடம். ஒரு சென்டிமீட்டர்கூட மாத்தி எழுதினதில்ல."

"ஒரே வரியில, ஒரே கையெழுத்துல, ஒரு கட்டம் நிஜம், ஒரு கட்டம் பொய்யா? நாங்க எதை நம்புறது?"

அவர் கையிலிருந்த பதிவேட்டை மூடி மேசையில் வைத்தார். முப்பத்திரண்டு வருடமும் அந்த இடத்தில் போயிற்று.

வக்கீல் எழுந்துவிட்டார். சாமர்த்தியசாலி, உடனே அடுத்த பக்கம் தாவினார். பதிவேடு செல்லாது என்றால் ஆறு எப்போது கெட்டது என்பதற்கு ஆதாரமே இல்லை. பட்டறை வந்து இருபத்திரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பே நகரத்துச் சாக்கடை கலந்துகொண்டிருந்தது. ஒருவேளை அப்போதே கெட்டிருந்தால் தன் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? அதிகாரிக்கும் அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது.

"எப்போலேருந்து கெட்டுதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியும் மேடம். இருபத்தோரு வருஷம் ஆச்சு."

"பதிவே இல்லாம எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பதிலுக்காக யோசித்தாரா, சொல்லலாமா என்று யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. "அதுக்கு முந்தி வரைக்கும் என் வீட்டுக்காரி பாலத்தடியிலதான் துணி அலசுவா. சாக்கடை கலந்தப்பகூட மேல்பக்கம் ஒதுங்கி அலசுவா. பட்டறை வந்த மறுவருஷம், பெரிய பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த சமயம், தண்ணியில என் கையை விட்டுப் பாத்தேன். தோல் உரிஞ்சு போச்சு. அன்னிக்கே வீட்டுக்குப் போயி, இனிமே அந்த ஆத்துத் தண்ணியும் சரி, ஆத்தோரக் கிணத்துத் தண்ணியும் சரி, ஒரு சொட்டு வீட்டுக்குள்ள வரக்கூடாது, பிள்ளைங்க கால்கூட நனைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல பொண்ணு சேர்ந்த தேதி இருக்கும்."

அதிகாரி சொல்லச் சொல்ல அங்கிருந்த தட்டச்சர் அடித்துக்கொண்டார். வக்கீல் பேனாவை மூடினார். தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. இரண்டாவது பெஞ்சில் அக்கா தலையைக் குனிந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனைவியும் பள்ளிக்கூடமும் தேதியை உறுதி செய்தார்கள். பட்டறையின் கழிவுக் குழாயை அடைத்தார்கள். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. பதிவேடுகள் முழுவதும், அளவுகள் உட்பட, நம்பத்தகாதவை என்று ஒதுக்கப்பட்டன. அந்த ஆற்றுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல இருந்த ஒரே எழுத்து ஆதாரம் அதுதான். அளவுக்காரர் ஒரு குற்றக் குறிப்பாணையோடு ஓய்வு பெற்றார். அதை டைப் அடிக்க இப்போது வேறு ஆள் இருக்கிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது விசாரணை முடிந்த அன்று வாசல் படியில் நடந்தது. பதிவேட்டுக் கட்டுகளை வைத்துக்கொண்டு நான் வண்டிக்காகக் காத்திருந்தேன். தெருப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரிய மனசுய்யா உங்களுக்கு, உத்தியோகத்தையே பணயம் வச்சுட்டீங்க என்றார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அக்கா தள்ளி நின்றாள். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தாள்.

"பெரியவ ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷமாடா?"

"ஆமாக்கா."

"அந்த வருஷம் என் மூத்த பேத்தி கைக்குழந்தை. அவளுக்கு அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் காய்ச்சி ஆத்திக் குடுத்தேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் வீட்டுக்குச் சொன்னே. எனக்கு ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ தெருவுக்கு சொல்லுவே. தெரு ஆபீசுக்கு வரும். அவங்க புத்தகத்தை எடுப்பாங்க." அழைப்பாணை உறையை நாலாக மடித்தார். "ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான்க்கா வருவேன்."

"நான் தெருவுல எல்லார் வாயையும் அடைச்சேனேடா. உன்னைச் சொல்லித்தானே அடைச்சேன்."

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உன் கையால டீ வாங்கிக் குடிச்சேனேக்கா. ஒருநாள்கூட வேண்டாம்னு சொன்னதில்ல. உங்களுக்கு வர்றது எனக்கும் வரட்டும்னுதான் குடிச்சேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. வாய்க்கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள்.

"நீ தெரிஞ்சு குடிச்சேடா. நாங்க தெரியாமக் குடிச்சோம்."